குளிர்நாட்டு விதையில்லாத் திராட்சை

உறைகுளிரைத் தாங்கும் வட அமெரிக்கத் திராட்சையின் வலுவும் மேற்காசியத் திராட்சையின் விதையின்மையும் ஒரே கொடியில் அமையுமாறு கலப்பினத்தால் உருவாக்கப்பட்ட, பழமாகவே உண்ணும் வகைகள். இவற்றின் தொடக்க வரலாறு பெரிதும் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா வேளாண் ஆய்வு நிலையத்தைச் சார்ந்தது.

விதையின்மைக்கு மூலம் சுல்தானா. கலிபோர்னியாவில் இதன் பெயர் தாம்சன் சீட்லெஸ். நம் மளிகைக் கடைக் கிஸ்மிஸும் பெரும்பாலும் இதன் வழிவந்ததே. வறண்ட நீள்கோடையில் செழிக்கும் இக்கொடி, ஜெனீவாவின் குளிர்காலத்தில் பட்டுப்போகும். அமெரிக்க இனங்களான லப்ரஸ்காவும் ரிப்பாரியாவும் அக்குளிரை எளிதில் கடப்பவை. ஆனால் பழத்தில் விதை உண்டு. லப்ரஸ்காவின் கழன்று வரும் தோலும் கனத்த வாசனையும் எல்லா நாவுக்கும் பிடிப்பதில்லை.

நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஏ. பி. ஸ்டவுட், 1919இல் ஜெனீவா நிலையத்துடன் சேர்ந்து இப்பணியில் இறங்கினார். சிக்கல் சூலிலேயே இருந்தது. சுல்தானாவின் பூ கருவுறத்தான் செய்கிறது. சில வாரங்களில் வளர்ச்சி நின்று, விதை வெறும் சுவடாகிவிடுகிறது. ஆகவே அதை மகரந்தம் தரும் தந்தையாக மட்டுமே பயன்படுத்த முடிந்தது. தாய் விதையுள்ள வகையாக இருந்ததால், பிறந்த நாற்றுகளில் பெரும்பாலானவை விதையோடே காய்த்தன. எது எப்படிக் காய்க்கும் என்றறிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

1930இல் ஸ்டவுட் சீட்லெஸ் வெளிவந்தது, பரவலாகவில்லை. ஆன்டாரியோ என்னும் வகையைத் தாயாக வைத்து 1928இல் செய்த கலப்பே கைகொடுத்தது. இன்டர்லாக்கன் (1947), ஹிம்ரோட், ரோமுலஸ் (இரண்டும் 1952) ஆகியவை அதில் பிறந்த உடன்பிறப்புகள். இவற்றில் பொன்னிறத் தேன்சுவை ஹிம்ரோட்டே நிலைத்தது. கொத்து நெருக்கமற்றது என்ற குறை அதன் சுவைக்கு முன் பெரிதாகத் தெரியவில்லை. பின்னர் 1977இல் வந்த சிவப்பு நிறக் கனடைஸ், ஹிம்ரோட்டின் பிள்ளை. ஜேம்ஸ் மூர் 1964இல் ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் வீனஸ், ரிலையன்ஸ், மார்ஸ் ஆகியவற்றைத் தந்தது.

மினசோட்டா, விஸ்கான்சின் குளிருக்கு ஹிம்ரோட்டும் போதாது. அங்கே வழிகண்டவர் விஸ்கான்சின் விவசாயி எல்மர் ஸ்வென்சன். 1943 முதல் தம் பண்ணையில் ரிப்பாரியா வழி வந்த கொடிகளைக் கலந்து, சாமர்செட் சீட்லெஸ் போன்றவற்றை உருவாக்கினார். கேட்டவர்க்கெல்லாம் போத்துகளை இலவசமாகக் கொடுத்தார். அவர் வகைகள் தோட்டம் தோட்டமாகப் பரவியது அப்படித்தான்.

1980களின் தொடக்கத்தில் பிரெஸ்னோவிலுள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள், அழியவிருக்கும் கருவை முன்கூட்டியே எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் கருமீட்பு முறையைத் திராட்சையில் கையாண்டனர். அதன்பின் விதையில்லாக் கொடியையும் தாயாக்க முடிந்தது.