கோழி கவிழ்த்த கம்பெனி

ஒரு செத்த கோழியால் ஒரு மாபெரும் கம்பெனியைக் கவிழ்க்க முடியுமா? கவிழ்த்திருக்கிறது. அதுவும் ஏதோ பெட்டிக்கடை கம்பெனியை இல்லை. சாட்சாத் ரோல்ஸ் ராய்ஸை!

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் உங்களுக்கு மகாராஜாக்கள் பவனி வந்த கார்தான் ஞாபகம் வரும். ஆனால் 1970-ல் அந்தக் கம்பெனியின் பிரதான தொழில் விமான இன்ஜின். கார் எல்லாம் கௌரவத்துக்கு. அப்போது அவர்கள் ஆர்.பி.211 என்று ஓர் இன்ஜினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் முகப்பில் சுமார் ஏழடி குறுக்களவுக்கு ஒரு பிரம்மாண்டமான விசிறி. அந்த விசிறியின் இலைகளை இரும்பிலோ டைட்டானியத்திலோ செய்யவில்லை. கார்பன் ஃபைபரில் செய்திருந்தார்கள்.

பறக்கும் விமானத்தின் இன்ஜினுக்குள் பறவை புகுந்துவிடுவது சகஜம். எனவே புது இன்ஜின் எதுவானாலும் ஒரு பரீட்சை உண்டு. செத்த கோழியைக் காற்றுத் துப்பாக்கியில் போட்டு, சுழலும் விசிறியின்மீது சுடுவார்கள். விசிறி தாங்க வேண்டும். ஆர்.பி.211-ன் கார்பன் விசிறி மற்ற எல்லாப் பரீட்சைகளிலும் பாஸ். 1970 மே மாதம் கோழியைச் சுட்டார்கள். விசிறி சுக்குநூறானது.

அடுத்த ஒன்பதாவது மாதம் ரோல்ஸ் ராய்ஸ் திவால்.

அப்படி என்ன பொல்லாத பொருள் இந்த கார்பன் ஃபைபர்? எதற்காக அதை நம்பிக் கம்பெனியையே பணயம் வைத்தார்கள்?

நம் ஊர்ப் பக்கம் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, காற்றுப் புகாமல் மண்ணால் மூடி, உள்ளுக்குள்ளேயே வேகவிடுவார்கள். விறகு சாம்பலாகாமல் கரியாகிவிடும். அதே வேலையை நூலில் செய்தால் கார்பன் ஃபைபர். ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூல் இருக்கிறதல்லவா, அதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான் மூலப்பொருள். முதலில் 200, 300 டிகிரியில் வறுப்பார்கள். பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேல், ஆக்ஸிஜன் எட்டிப் பார்க்காத உலையில் வேகவைப்பார்கள். மற்றதெல்லாம் ஆவியாகிப்போக, கரி மட்டும் இழையாக மிஞ்சும். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன். அந்த இழைகளை அடுக்கடுக்காகப் பரப்பி, நம் வீட்டு அரால்டைட் வகையறா பசையில் ஊறவைத்து, அழுத்தத்தில் சுட்டு எடுத்தால் கெட்டியான பலகை கிடைக்கும். இரும்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் இரும்பு கிட்டே நிற்க முடியாது. துருவும் பிடிக்காது.

இதற்குப் பல தகப்பன்கள். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் அருகே, யூனியன் கார்பைட் ஆராய்ச்சிக்கூடத்தில் ரோஜர் பேக்கன் என்கிற இளம் விஞ்ஞானி தற்செயலாகச் சில கரி இழைகளைக் கண்டார். (ஆமாம், பின்னாளில் போபாலில் விஷம் கக்கிய அதே யூனியன் கார்பைட்தான்.) அபாரமான வலு. ஆனால் தயாரிக்க ஆன செலவு, அவர் கணக்கிலேயே, பவுண்டுக்கு 1 கோடி டாலர்! அடுத்து ஜப்பானின் ஒஸாகாவில் அகியோ ஷிண்டோ, அக்ரிலிக் வகை நூலிலிருந்து அதைச் செய்யலாம் என்று காட்டினார். 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ அரசு ஆய்வுக்கூடத்தில் வில்லியம் வாட் குழுவினர் இன்னொரு சூட்சுமம் பிடித்தார்கள். வறுக்கும்போது நூல் சுருங்கப் பார்க்கும். விடாமல் இழுத்துப் பிடித்தால், உள்ளே கரி அணுக்கள் நேர்க்கோட்டில் அணிவகுத்து நிற்கும். வலு எகிறும்.

பிரிட்டிஷ்காரர்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த நுட்பத்துக்கு உரிமம் பெற்ற கம்பெனிகளில் ஒன்று ரோல்ஸ் ராய்ஸ்.

விமானத்தில் எடை குறைப்பது வட்டிக்கு வட்டி போடுகிற விவகாரம். விசிறி இலை லேசானால், அதைப் பிடித்திருக்கும் சக்கரமும் லேசாக இருக்கலாம். சக்கரம் லேசானால் அதைச் சுற்றியுள்ள கூடு லேசாகலாம். இன்ஜினே லேசாகிவிட்டால் அதைத் தாங்குகிற இறக்கையும் லேசாகலாம். கடைசியில் மிச்சமாவது எரிபொருள். அதாவது பணம். இந்தக் கணக்கைக் காட்டித்தான் 1968 மார்ச்சில், அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனியிடம், ட்ரைஸ்டார் விமானத்துக்கான ஆர்டரை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கியது.

கணக்கில் ஒரு சங்கதி விட்டுப்போனது. மூங்கில் தெரியுமல்லவா? நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. நுனியில் அரிவாளால் ஒரு போடு போடுங்கள், சர்ரென்று பிளக்கும். கார்பன் ஃபைபரும் அந்த ஜாதி. இழுத்தால் ராட்சசன். குறுக்கே அடி விழுந்தால் அடுக்குகள் பிரிந்துகொள்ளும். உலோகம் அடிபட்டால் நெளியும், வளையும், பிழைக்கும். இதற்கு நெளியத் தெரியாது. கோழி கண்டுபிடித்தது அதைத்தான்.

ரோல்ஸ் ராய்ஸ் டைட்டானியத்துக்குத் திரும்பியது. ஆனால் கோழி ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. அது ரொம்ப லட்சியமான இன்ஜின், பிரச்னைகள் பல பக்கமும் இருந்தன. 1970 செப்டம்பரில் உருவாக்கச் செலவு 17 கோடி பவுண்டாகிவிட்டது. முதலில் போட்ட மதிப்பீட்டைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. போகட்டும், ஆரம்பச் செலவு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒரு இன்ஜினுக்குப் பேசிய விலை 2,30,375 பவுண்டு. அதைத் தயாரிக்க ஆகும் அடக்கச் செலவோ அதைவிட அதிகம்! பி.காம். படித்தவன் எவனும் அடுத்த வரியைப் படிக்க மாட்டான். விற்க விற்க நஷ்டம் என்றால் அங்கே முடிந்தது கதை.

1971 பிப்ரவரி 4. கம்பெனி ரிசீவர் கைக்குப் போனது. பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேடிவ் கட்சி, தனியார் தொழிலில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று பேசி ஓட்டு வாங்கிய கட்சி. அவர்களே கம்பெனியை நாட்டுடைமையாக்க வேண்டியதாயிற்று. அக்கரையில் லாக்ஹீடும் தள்ளாடியது. அதற்கு 25 கோடி டாலர் கடன் உத்தரவாதம் தரும் மசோதா அமெரிக்க செனட்டில் தப்பியது ஒரே ஒரு ஓட்டில், 49-க்கு 48!

ஓய்வு பெற்றிருந்த ஸ்டான்லி ஹூக்கர் என்கிற இன்ஜினீயரைக் கூப்பிட்டு வந்து பொறுப்பைக் கொடுத்தார்கள். மனிதர் இன்ஜினைக் கரையேற்றினார். 1972 ஏப்ரலில் ட்ரைஸ்டார் பயணிகளோடு பறந்தது, டைட்டானிய விசிறியோடு.

அதே 1971-ல் ஜப்பானில் டோரே என்கிற நூல் கம்பெனி கார்பன் ஃபைபரை வணிகரீதியில் தயாரிக்க ஆரம்பித்தது. எதற்குப் போனது தெரியுமா? தூண்டில் கழிக்கும் கோல்ஃப் மட்டைக்கும்! சிரிக்காதீர்கள். தூண்டில் ஒடிந்தால் மீன் தப்பிக்கும், அவ்வளவுதான். யாரும் சாக மாட்டார்கள், எந்த அரசாங்கமும் ஆட்டம் காணாது. ஆனால் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும். தரம் கூடும், விலை இறங்கும், கை பழகும்.

உயிர் பிழைக்கவைக்கும் பொருள் என்று இது பேர் வாங்கியது ரேஸ் மைதானத்தில். 1981-ல் மெக்லாரன் அணிக்காக ஜான் பர்னார்ட் கார்பன் ஃபைபரிலேயே கார் உடலை அமைத்தார். மோதினால் தூள் தூளாகிவிடும் என்று பயமுறுத்தினார்கள். அந்த வருடமே இத்தாலியின் மான்ஸாவில் ஜான் வாட்சன் ஓட்டிய கார் தடுப்பில் மோதியது. இன்ஜின் தனியே பிய்த்துக்கொண்டு போனது. கார்பன் கூட்டுக்குள் இருந்த வாட்சன் சாதாரணமாக எழுந்து நடந்து வந்தார். எந்தப் பக்கமிருந்து அடி வரும் என்று யோசித்து இழைகளை அதற்கேற்ப அடுக்கினால், மூங்கில் பிளக்காது.

விமானக்காரர்களும் படிப்படியாகத்தான் போனார்கள். 1995-ல் சேவைக்கு வந்த போயிங் 777-க்கு வாலில். 2011-ல் பயணிகளை ஏற்றிய போயிங் 787-ல் மொத்த எடையில் பாதி இந்த வகைப் பொருள்தான். டோரேதான் சப்ளை. உடற்பகுதியை முழுப் பீப்பாயாகவே வார்த்துவிடுவதால், ஒரு பீப்பாய்க்கு 1,500 அலுமினியத் தகடுகளும் 40,000-க்கு மேல் ஆணிகளும் மிச்சம் என்றது போயிங். உங்களுக்கும் லாபம் உண்டு. அலுமினிய விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோல இருக்கும். 787-ல் 6,000 அடி அளவுக்கு வைக்க முடிகிறது. துருப் பயம் இல்லாததால் ஈரப்பதத்தையும் கூட்டலாம். இறங்கும்போது களைப்பு குறைவு.

அப்படியானால் நம் காரிலெல்லாம் ஏன் இல்லை? விலைதான். பி.எம்.டபிள்யூ 2013-ல் ஐ3 என்ற மின்சாரக் காரைக் கார்பன் கூட்டோடு கொண்டுவந்தது. இரண்டரை லட்சம் கார்கள் செய்துவிட்டு 2022-ல் நிறுத்திவிட்டது. விமானத்தில் ஒரு கிலோ குறைந்தால் இருபது, முப்பது வருடத்துக்கு லாபம். காரில் அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக டேலி ஆவதில்லை.

ரோல்ஸ் ராய்ஸ் கதைக்கு ஒரு வேடிக்கையான பின்னுரை இருக்கிறது. கார்பன் விசிறியை வர்த்தக விமானத்தில் ஜெயிக்கவைத்தது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். இன்ஜின் பெயர் ஜி.ஈ.90. அதைப் பொருத்திய 777-ஐ 1995-ல் முதலில் ஓட்டியது யார்? பிரிட்டிஷ் ஏர்வேஸ்! ரோல்ஸ் ராய்ஸின் புதிய அல்ட்ராஃபேன் இன்ஜின் 2023-ல் சோதனை ஓட்டம் கண்டது. அதன் விசிறி இலைகள் எதனால் ஆனவை? கார்பனும் டைட்டானியமும்.

அடுத்த முறை விமான நிலையக் கண்ணாடி வழியாக ஒரு பெரிய இன்ஜினைப் பார்த்தால், விசிறியைக் கவனியுங்கள். சிலவற்றில் கரு கருவென்று இலைகள். ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் வேட்டிக் கரை போலப் பளபளவென்று உலோகப் பட்டை. அது எதற்கு என்று பக்கத்திலிருப்பவர் கேட்டால், கோழிக்கு என்று சொல்லுங்கள்.