மொழிக்கூடு

உலகக் கல்வி என்றதும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு, ஒரே மொழி என்றே நம் எண்ணம் ஓடுகிறது. தொல்குடிகளின் கல்வியோ பிறந்த மண்ணைத் தாண்டாதது என்று கருதிவிடுகிறோம். இவ்விரு எண்ணங்களையும் அசைத்துப் பார்ப்பது நியூசிலாந்தின் மாவோரி மக்களது அனுபவம்.

1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவோரிச் சிற்றூர்களில் பள்ளிகள் எழுந்தன. நிலம் தந்தவர்கள் மாவோரிகள், பயிற்றுமொழியோ ஆங்கிலம். தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் பலர் அடிபட்டனர். அடிபட்டவர்கள் பெற்றோரானபோது, தம் மக்களுக்கு அத்துன்பம் வேண்டாமென்று வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். 1972இல், மாவோரி மொழியைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டுமென்று 30,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு நாடாளுமன்றத்திடம் முறையிட்டனர்.

1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயோமாதாவில் முதல் ‘கோஹங்கா ரெயோ’ திறக்கப்பட்டது. கோஹங்கா என்றால் கூடு. ரெயோ என்றால் மொழி. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளோடு முதியோர் நாள் முழுதும் மாவோரியிலேயே பேசினர், பாடினர், உணவூட்டினர். நடுத் தலைமுறை இழந்ததைப் பாட்டன் பாட்டியர் பேரர்களிடம் நேரே சேர்த்தனர். மூன்றே ஆண்டுகளில் இத்தகைய கூடுகள் 300ஐத் தாண்டின.

1896 முதல் பள்ளிகளில் ஆங்கிலமே சட்டமாயிருந்த ஹவாய்க்கும் இம்முறை சென்றது. 1984இல் கவாய் தீவில் முதல் ‘பூனானா லெயோ’ தொடங்கிற்று. ரெயோவும் லெயோவும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். 1986இல் ஹவாய் மொழிக்கு இருந்த தடை நீங்கியது. 1997இல் பின்லாந்தின் வடக்கே, சில நூறு பேரே பேசிவந்த இனாரி சாமி மொழிக்கும் ஒரு கூடு அமைந்தது. அங்கே சொல்லுறவு ஏதுமில்லை. முறை மட்டுமே பயணம் செய்திருந்தது.

ஆயினும் பிறந்த நாட்டிலேயே அம்முறைக்கு இடர் வந்தது. மழலையர் கல்விக்கான பொது விதிகள் கோஹங்காக்களின் மீதும் சுமத்தப்பட்டன. குடும்பங்களே நடத்திய கூடு, பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தும் பள்ளிக்கான அளவுகோலால் அளக்கப்பட்டது. இக்கொள்கை தீங்கு விளைவித்ததென 2012இல் வைத்தாங்கி தீர்ப்பாயம் எடுத்துரைத்தது.

இவ்வரலாற்றில் நாம் காணும் பொதுநிலம் இதுவே: மூன்று நாட்டு மக்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர், எவரும் தம் மொழியைக் கைவிடவில்லை. உலகெங்கும் செல்லத் தகுந்த கல்வி தொல்குடிகளிடமும் பிறக்கிறது. அதை ஒரே அச்சில் வார்க்க முற்படும்போதுதான் கூடு கலைகிறது.