பாயிண்ட் டூ டூ ரைபிள் வாங்கலாமா? ஒன்றரை நூற்றாண்டுக் கணக்கு

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். ஒரு விவசாயி சோயா விதைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் வயலோரத்து வளையிலிருந்து ஒரு பிராணி வெளியே வரும். சாவகாசமாக மேய்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். பெயர் உட்சக். கிரவுண்ட்ஹாக் என்றும் சொல்வார்கள். அணில் குடும்பம்தான், ஆனால் கொழுத்தது நாலைந்து கிலோ தேறும். (பிப்ரவரி 2-ஆம் தேதி இதே மாநிலத்தில் இதே பிராணிக்கு ஊர்கூடி விழா எடுக்கிறார்கள் என்பது தனிக்கதை!)

இப்படிப் பயிருக்கும் கோழிக்கும் தொல்லை தரும் பிராணிகளுக்கு அங்கே பொதுப்பெயர் 'வார்மிண்ட்'. இவற்றைச் சுட அந்த விவசாயி கடைக்குப் போனால் கையில் முதலில் கிடைப்பது .22 ரிம்ஃபயர் ரைபிள். விலை குறைவு, சத்தம் குறைவு, தோளில் உதையே இல்லை. இதை வாங்கினால் போதுமா, இன்னும் கொஞ்சம் காசு போட்டுப் பெரியதாக வாங்க வேண்டுமா? 1880களிலிருந்து அமெரிக்க விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது.

நம்மூரில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு 'பாயிண்ட் டூ டூ' நல்ல பரிச்சயம். மைதானத்தில் படுத்துக்கொண்டு சுடக் கொடுத்தது அதைத்தான்.

கேள்விக்கு விடை துப்பாக்கியில் இல்லை, தோட்டாவின் அடிப்பாகத்தில் இருக்கிறது. ரிம் என்றால் விளிம்பு. இந்தத் தோட்டாவின் கூடு ஒரே பித்தளைத் தகட்டில் செய்தது. அடியில் தகட்டை மடித்து ஒரு விளிம்பு எடுத்து, அந்த மடிப்புக்குள் தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்தை வைத்திருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும். உடனே வெடிக்கும். பெரிய ரைபிள்களின் சென்டர்ஃபயர் தோட்டா வேறு மாதிரி. அடிப்பாகம் கெட்டியாக இருக்கும், நடுவில் தனியாக ஒரு சிறு மூடி, அதற்குள் மருந்து.

ஒரே தகடு, தனி மூடி இல்லை. ஆகவே ரிம்ஃபயர் மலிவு. ஆனால் ஊசி நசுக்க வேண்டும் என்றால் விளிம்பு மெல்லியதாக இருந்தே ஆகவேண்டும். மெல்லியதாக இருந்தால் உள்ளே அழுத்தம் அதிகம் ஏற்ற முடியாது, கிழிந்துவிடும். .22 லாங் ரைபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. .223 என்ற சென்டர்ஃபயருக்கு 55,000. ஆக எது இதை மலிவாக்குகிறதோ அதுவேதான் இதைப் பலவீனமாகவும் ஆக்குகிறது. பிறகு வந்த கம்பெனிகள் எல்லாம் முட்டி மோதியது இந்தச் சுவரில்தான்.

ஆரம்பம் வேட்டைக்காகவே இல்லை. 1845-இல் பாரீஸில் ஃப்ளோபெர் என்பவர் ஒரு சின்ன வெடிமூடியின் வாயில் ஒரு குண்டைப் பொருத்தினார். தனியாக வெடிமருந்து கூடக் கிடையாது. பணக்கார வீடுகளில் கூடத்தில் வைத்து இலக்குச் சுட்டு விளையாட அது போதும். 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி இதில் கொஞ்சம் கருமருந்து சேர்த்து, 29 கிரெயின் எடையுள்ள குண்டு வைத்து, ஏழு தோட்டா பிடிக்கும் ஒரு சின்னக் கைத்துப்பாக்கியோடு விற்றது. (ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்தரை கிரெயின்.) அதுதான் .22 ஷார்ட். இன்றைக்கும் தயாரிக்கிறார்கள்.

1871-இல் கூட்டை நீட்டி .22 லாங் வந்தது. 1887-இல் மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் கம்பெனி அதே நீளக் கூட்டில் 40 கிரெயின் குண்டை வைத்தது. இதுதான் .22 லாங் ரைபிள். பெயரில் வித்தை ஒன்றுமில்லை, செய்தது குண்டின் எடையைக் கூட்டியது மட்டும்தான். உலகத்தில் மிக அதிகமாகச் சுடப்படும் தோட்டாக்களில் ஒன்றாக அது நின்றுவிட்டது. 1890-இல் வின்செஸ்டர் கம்பெனி, ஜான் பிரௌனிங் வடிவமைத்த பம்ப் ரைபிளைக் கொண்டுவந்தது. அந்த ஒரு மாடல் மட்டும் 8 லட்சத்துக்கு மேல் தயாரானது. பண்ணை வீடுகளின் கதவு மூலையில் ஒரு .22 சாய்ந்திருப்பது அங்கே வழக்கமாகிப் போனது.

வாங்கியவர்களுக்குக் கைச்சேதமும் இல்லாமல் இல்லை. புகையில்லா மருந்து வந்த பிறகும், பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது குழலுக்குள் உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். அன்றே துடைக்காவிட்டால் குழல் துருப்பிடித்துப் பாழ். மலிவான துப்பாக்கியை ஒரே சீசனில் அழித்த மலிவான தோட்டா! 1920களின் பிற்பாதியில் ரெமிங்டன் கம்பெனி துருப்பிடிக்க வைக்காத மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்தத் தொல்லை படிப்படியாக ஒழிந்தது.

சரி, சுட்டால் விழுமா? .22 லாங் ரைபிளின் வேகரகத் தோட்டா நொடிக்குச் சுமார் 1,250 அடி வேகத்தில் கிளம்புகிறது. 50 கஜத்துக்குக் குறி சரிபார்த்து வைத்த துப்பாக்கியில் 100 கஜத்தில் சுட்டால் குண்டு அஞ்சாறு அங்குலம் கீழே போய்விடும். பக்கவாட்டில் மிதமான காற்று அடித்தால் இன்னும் ஐந்து அங்குலம் விலகும். உட்சக்கின் தலையே அந்த அளவுதான். தூரத்தைக் கொஞ்சம் தப்பாக மதிப்பிட்டால் குண்டு வயிற்றில் படும். அடிபட்ட பிராணி அங்கேயே சாகாது. வளைக்குள் போய்விடும், அப்புறம் மணிக்கணக்கில், சிலசமயம் நாட்கணக்கில், உள்ளே கிடந்து சாகும். சுட்டவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, குறி தவறியது என்று நினைத்துக்கொள்வார். அங்குள்ள அனுபவசாலிகள் .22-ஐ ஐம்பது, மிஞ்சினால் எழுபத்தைந்து கஜத்தோடு நிறுத்தச் சொல்வது இதனால்தான். கோழிக் கொட்டகை, வீட்டுத் தோட்டம், களஞ்சியம் என்றால் அந்தத் தூரம் தாராளம். நூறு ஏக்கர் சோயா வயல் என்றால் காணாது.

1930-இல் .22 ஹார்னெட் என்ற சென்டர்ஃபயர் தோட்டா கடைக்கு வந்தது. அதே விட்டம், ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். 1950-இல் .222 ரெமிங்டன் அதையும் தாண்டியது. வயலில் தூரத்துக் குறி வைப்பவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இதில் காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்கள் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. சென்டர்ஃபயர் கூட்டைப் பொறுக்கிவைத்து, புது மூடி, மருந்து, குண்டு போட்டு வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். விலை கணிசமாக இறங்கும். ரிம்ஃபயர் கூடு ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், பழைய பித்தளை.

ரிம்ஃபயர் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1959-இல் வின்செஸ்டர் .22 மேக்னம் என்ற பெரிய ரிம்ஃபயரைக் கொண்டுவந்தது. 40 கிரெயின் குண்டு, நொடிக்கு 1,900 அடி. உட்சக்குக்கு நூறு கஜம் வரை நம்பலாம். தோட்டா விலையும் கூடத்தான் செய்தது.

அடுத்து நடந்ததுதான் துப்பாக்கி வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை. 1970-இல் ரெமிங்டன் கம்பெனி 5 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் என்று ஒரு ரிம்ஃபயரை விற்பனைக்கு விட்டது. 38 கிரெயின் குண்டு, 2,100 அடி வேகம். அன்றைய ரிம்ஃபயர்களில் அதுதான் ராஜா. 591, 592 என்று இரண்டு ரைபிள் மாடல்கள், மொத்தம் சுமார் ஐம்பதாயிரம் விற்றன. ஆனால் குண்டின் விட்டம் வேறு யாரிடமும் இல்லாத அளவு. வேறு எந்தத் துப்பாக்கிக்கும் அந்தத் தோட்டா பொருந்தாது, அந்தத் துப்பாக்கிக்கு வேறு எந்தத் தோட்டாவும் பொருந்தாது. மற்ற பெரிய கம்பெனிகள் பின்தொடரவில்லை. 1974-இல் ரைபிள் தயாரிப்பு நின்றது. 1982 வாக்கில் தோட்டாவும் நின்றது. ரிம்ஃபயர் என்பதால் வீட்டில் நிரப்பவும் வழியில்லை. நல்ல, துல்லியமான, துருப்பிடிக்காத ரைபிள் ஐம்பதாயிரம் வீடுகளில் வெறும் இரும்புக் கம்பியாக நின்றது. மெக்சிகோவின் அகீலா கம்பெனி 2008-இல் அந்தத் தோட்டாவை மறுபடி தயாரித்தபோது அதை வாங்கிய பலருக்கு வாலிபம் போய் வயோதிகம் வந்திருக்கும். பிரிண்டர் வாங்குகிறவர் முதலில் இங்க் கிடைக்குமா என்று பார்ப்பது இல்லையா? அந்தப் புத்திசாலித்தனம்தான் இங்கேயும் தேவை.

2002-இல் வந்த .17 ஹெச்.எம்.ஆர். இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்திருந்தது. ஹார்னடி கம்பெனி புதுக்கூடு தேடவில்லை. ஏற்கனவே ஊரெல்லாம் கிடைத்த .22 மேக்னத்தின் கழுத்தைச் சுருக்கி 17 கிரெயின் குண்டை வைத்தது. மார்லின், ரூகர் கம்பெனிகள் உடனே ரைபிள் கொடுத்தன. 2,550 அடி வேகம். 150 கஜம் வரை பாதை ஏறக்குறைய நேர்கோடு. குண்டு லேசானது, பட்டதும் சிதறிவிடும். .22-இன் ஈயக்குண்டு கல்லிலோ தண்ணீரிலோ பட்டுத் தெறித்து வேறெங்கோ போகும் ஆபத்து இதில் குறைவு. (.22 பெட்டியின் மேலேயே ஒரு மைல் தூரத்துக்கு மேல் ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். விளையாட்டுத் துப்பாக்கி என்று நினைப்பவர்கள் அதைப் படிப்பதே இல்லை.) தோட்டா விலை மட்டும் .22-ஐப் போலப் பெரும்பாலும் மூன்று மடங்கு.

அதற்கும் மேலே போகிறோம் என்று 2012-இன் கடைசியில் வின்செஸ்டர் .17 சூப்பர் மேக்னத்தை அறிவித்தது. 3,000 அடி வேகம்! கூடு எங்கிருந்து வந்தது தெரியுமா? கட்டடவேலையில் கான்கிரீட்டில் ஆணி அடிக்கும் துப்பாக்கியின் வெடியிலிருந்து. விளிம்பு தடிமனாக இருந்ததால் அழுத்தம் தாங்கியது. ஆனால் விலை .223-ஐ நெருங்கிவிட்டது. அந்த விலை கொடுப்பவர் எதற்கு ரிம்ஃபயர் வாங்கவேண்டும்?

அதே 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு புதிய கட்டுப்பாடுகள் வரும் என்ற பயத்தில் ஜனங்கள் தோட்டாவை வாங்கிக் குவித்தார்கள். 2013 முழுக்க .22 தோட்டா கடை அலமாரியில் இல்லை. ஆளுக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று ரேஷன் போட்டார்கள். எப்போதும் கிடைக்கும், மலிவாகக் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிய துப்பாக்கி அது!

துப்பாக்கிக் கணக்கு இப்படி. சுடப்படும் பிராணியின் கணக்கை யார் போட்டது? 1902-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் மெரியம் என்ற விஞ்ஞானி ப்ரெய்ரி டாக் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். (பெயரில்தான் நாய், இதுவும் மேற்குச் சமவெளியில் வளை தோண்டும் அணில் ஜாதி.) 256 ப்ரெய்ரி டாக் சேர்ந்தால் ஒரு மாடு தின்னும் புல்லைத் தின்னும் என்றார். டெக்சாஸில் ஒரே கூட்டத்தில் 40 கோடி இருக்கும் என்றும் மதிப்பிட்டார். வகுத்துப் பார்த்தால் 15 லட்சத்துக்கு மேல் மாடுகளின் தீனி! இந்தக் கணக்கைக் காட்டித்தான் ஒழிப்பு வேலை வேகமெடுத்தது. பின்னாளில் வந்த ஆய்வுகள் மாட்டோடு அதற்கு அவ்வளவு போட்டி இல்லை என்று சொன்னபோது காலம் கடந்திருந்தது.

ஒழித்தது .22 அல்ல. விஷம் கலந்த தானியமும், உழவும், வெளியிலிருந்து வந்த பிளேக் நோயும்தான். ஒவ்வொன்றாகச் சுடும் ரைபிளால் ஒரு பெரிய கூட்டத்தை எப்போதும் காலி செய்ய முடிந்ததில்லை. ப்ரெய்ரி டாக்கையே நம்பி வாழ்ந்த கருங்கால் ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணி அற்றுப்போனதாகவே நினைத்தார்கள். 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தபோதுதான் மிச்சம் இருப்பது தெரிந்தது. பூச்சி ஒழிப்புச் செலவு என்று ரைபிளைக் கணக்கில் எழுதுபவர்கள் கவனிக்கவேண்டும். தோட்டத்துக்கு வந்துபோகும் ஒரு உட்சக்குக்கு அது செலவு. சமவெளியில் நாள்முழுக்க ஐநூறு தோட்டா சுடுவது பொழுதுபோக்கு.

சுட்ட உடல்களை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். கழுகும் பருந்தும் தின்னும். உள்ளே ஈயத்துணுக்கு. கலிபோர்னியா மாநிலம் முதலில் காண்டர் கழுகுகள் வாழும் பகுதியில் 2008-இலும், பிறகு 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்கவும் வேட்டைக்கு ஈயக்குண்டைத் தடைசெய்தது. தரை அணிலைச் சுடுவதற்கும் இது பொருந்தும். .22-க்கு இது பெரிய அடி. அதன் குழல், கூடு, விலை எல்லாமே மிருதுவான, கனமான, மலிவான ஈயத்தை நம்பி அமைந்தவை. மாற்றாக வந்த செம்புத்தூள் குண்டு ஒன்றின் எடை 21 கிரெயின். விலை சாதாரண .22-ஐ விட அதிகம். 1857-இல் அந்தக் கைத்துப்பாக்கிக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போட்ட குண்டே 29 கிரெயின் இருந்தது.