லாக்

மூடில் போன்ற இணைய வகுப்புத் தளங்களில் மாணவர் எந்தப் பாடத்தை எத்தனை மணிக்குத் திறந்தார், ஆசிரியர் எப்போது மதிப்பெண் இட்டார் என்பதெல்லாம் ‘லாக்’கில் வரிசையாக விழும். லாக் என்றால் ஆங்கிலத்தில் மரக்கட்டை. முடிச்சிட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் ஓடிய முடிச்சுகளை எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தார்கள். அதை எழுதிவைத்த ஏடு லாக் புக் ஆயிற்று. கணினிக்கு வந்தபோது கட்டை போய்ப் பெயர் நின்றது. இதைத் தமிழில் ‘கற்றல் பதிவு’ என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பதிதல் என்பது அழுந்துதல். ஈர மண்ணில் கால் பதிகிறது, மனத்தில் பாடம் பதிகிறது. லாக் காட்டுவது காலடியை மட்டுமே. பக்கத்தைத் திறந்துவிட்டு எழுந்துபோன பிள்ளையும் அதில் இருப்பார், தரவிறக்கிப் பலமுறை படித்தவர் ஒருமுறைதான் தெரிவார். ‘செயற்பதிவு’ என்பதே பொருந்தும்.