கூட்டுக்குள் வந்து சேர்ந்த காய்கள்

நள்ளிரவு, கொட்டும் மழை, வாசலில் பசியோடு ஓர் அடியார். இளையான்குடி மாறனார் வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பகலில் விதைத்த முளைநெல்லை வயலிலிருந்து வாரிவந்தார். விறகுக்குக் கூரையின் கழிகளை உருவிப் போட்டார். கறிக்கு என்ன செய்வது? குழியில் நின்ற இளங்கீரையைப் பறித்து வந்து கொடுத்தார். அந்த ஒரே கீரையில் அவர் மனைவி வெவ்வேறு கறிகள் சமைத்து விருந்தோம்பினார். பெரியபுராணத்தில் இதைப் பாடிய சேக்கிழார், சென்னைப் புறநகரான திருமுடிவாக்கத்தை அடுத்த குன்றத்தூரில் பிறந்தவர். காலம் 12-ம் நூற்றாண்டு. கையில் கிடைத்த காயைக் கொண்டு இலையை நிறைக்கும் அந்தக் கைத்திறனில்தான் கூட்டின் கதையும் தொடங்குகிறது.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள் இறைவனுக்குப் படைக்கும் உணவைக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. அரிசி, நெய், தயிரோடு பருப்பமுதும் கறியமுதும் அவற்றில் வருகின்றன. மிளகு, கடுகு, சீரகமும் உண்டு. மிளகாய் மட்டும் கிடையாது. அது போர்த்துகீசியர் வழியாக 16-ம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது.

பருப்பின் வயது இன்னும் அதிகம். தென்னிந்தியாவின் புதிய கற்கால ஊர்களை அகழ்ந்தபோது ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான பாசிப்பயறும் கொள்ளும் கிடைத்தன. கூட்டுக்குப் பாசிப்பருப்பு பொருந்துவதற்குக் காரணமும் எளியது. சுரை, புடலை, பீர்க்கு, பூசணி எல்லாம் வேகும்போது தண்ணீர் விடும் காய்கள். குழைந்த பருப்பு அந்த நீரை வாங்கிக் கெட்டிப்படுத்துகிறது. தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கினால் வேலை முடிந்தது. உளுத்தம்பருப்பும் மிளகும் வறுத்து அரைத்தால் பொரித்த கூட்டு, புளி கரைத்துவிட்டால் புளிக்கூட்டு. தஞ்சைப் பக்கம் கத்தரிக்காயில் ரசவாங்கி, பாலக்காட்டில் மிளகூட்டல், திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு.

சட்டிக்குள் போன காய்களோ மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பொங்கல் கூட்டில் தவறாமல் இடம்பெறும் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். சௌசௌவின் தாயகம் மெக்சிகோ. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் நீலகிரியில் உருளைக்கிழங்கையும் ஐரோப்பியக் காய்களையும் பயிரிட வழிசெய்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் ரயில் ஓடத் தொடங்கியது. கோஸும் கேரட்டும் பீன்ஸும் சமவெளி வீடுகளுக்கு வந்து ‘இங்கிலீஷ் காய்’ ஆயின.

எல்லா அடுப்புகளும் அவற்றை ஏற்கவில்லை. திவசத்தன்று பல வீடுகளில் இன்றும் நாட்டுக் காய்களுக்குத்தான் இடம். அவரை, புடலை, வாழைக்காய், பாகல் சேரும். கோஸ், கேரட் சேராது. காரத்துக்கு மிளகாய் போடாமல் மிளகு போடுவார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சமையல் எப்படி ருசித்திருக்கும் என்பதற்கு அந்த ஒருநாள் சாப்பாடே சாட்சி.

வாய்மொழியாகவே வந்துகொண்டிருந்த பக்குவங்களை எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் ‘சமைத்துப் பார்’ என்ற நூலாக்கினார். ஊர்விட்டு வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் மாமியாரின் இடத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. பருப்பும் ஊர் தாண்டியது. 2007-ல் தமிழ்நாட்டில் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் தொடங்கிய பின் ரேஷன் கடையில் மலிவு விலையில் துவரம்பருப்பு கிடைத்தது. சில காலம் அதற்குப் பதிலாகக் கனடாவின் மஞ்சள் பருப்பையும் மக்கள் வாங்கிச் சமைத்தார்கள்.

சென்னையின் காய்கறி வணிகம் 1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியது. மலைக்காய் எந்த நாளும் கிடைப்பதால், திருமுடிவாக்கம் போன்ற புறநகர் வீடுகளில் கூட்டு என்றதும் கோஸும் சௌசௌவும் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றை வரவேற்றது கூட்டின் பெருமை. ஆனால் சுரையும் பீர்க்கும் புடலையும் பின்வாங்கினால் இழப்பு நமக்குத்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ தெருமுனைக் காய்க்கடைக்கோ அடுத்த முறை போகும்போது ஒரு நாட்டுக் காயையும் ஒரு கட்டுக் கீரையையும் சேர்த்து வாங்குங்கள். பாசிப்பருப்பு போட்டு, மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டி, கூட்டு வைத்துப் பாருங்கள்.