இரண்டு கிலோ விதை: ஆதிரெங்கம் நெல் திருவிழாவும் நமது வளவுகளும்

எங்கட பக்கத்தில் வித்துக் கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை. “ராத்தா, உங்கட வெண்டி நல்லாக் காய்ச்சிருக்கு, கொஞ்சம் வித்துத் தாங்களேன்” என்று வேலிக்கு மேலால் கேட்டால் போதும். முற்றிய காயை அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பாகல், பூசணி வித்துகளைச் சாம்பலில் பிசறிப் போத்தலில் வைத்திருப்பார்கள். காசு வாங்குவதில்லை. கொடுத்தவருடைய வித்து ஒரு வருடம் கெட்டுப்போனால், வாங்கியவருடைய வளவிலிருந்து அதே வித்துத் திரும்பி வரும்.

கனமூலையிலும் மதுரங்குளியிலும் வயது போன பெண்களைக் கேட்டால் இதையெல்லாம் சொல்வார்கள். இன்று வித்து கடையில் பெக்கட்டில் கிடைக்கிறது. அதில் பல கலப்பின வித்துகள். அவற்றின் காயிலிருந்து வித்தெடுத்துப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்குத்தான் போகவேண்டும். வேலிக்கு மேலால் கைமாறிய வித்தோடு, கேட்கும் பழக்கமும் கொடுக்கும் பழக்கமும் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கின்றன.

போன பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்தில், ஒரு சிறு கிராமம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. நம்மவர்களுக்குப் பழக்கமான முத்துப்பேட்டைக்கும் அந்த ஊருக்கும் அதிக தூரமில்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரின் பெயர் ஆதிரெங்கம்.

நெல் தொலைந்த விதம்

1960களில் ஆசியாவின் நெல்வயல்கள் மாறின. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 பரவியது. இலங்கை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பத்தலகொடை நிலையத்தின் எச் 4 ரகம் 1958இல் வெளிவந்தது. இவற்றால் விளைச்சல் கூடியது, பசி குறைந்தது. அதை மறுப்பது நியாயமல்ல.

ஆனால் வேறொன்றும் நடந்தது. யாரும் பழைய நெல்லை அழிக்கவில்லை, தடுக்கவுமில்லை. விதைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். வீட்டுக் குதிரில் கிடக்கும் விதைநெல் சில வருடங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். இரண்டு மூன்று போகம் ஒரு ஊரில் யாரும் விதைக்காவிட்டால், அந்த ரகம் அந்த ஊரில் மௌத்தாகிவிட்டது என்றே அர்த்தம். பெயர் மட்டும் கிழவர்களின் வாயில் மிஞ்சும்.

நடந்து போனவர்கள்

கோ. நம்மாழ்வார் விவசாயப் பட்டதாரி. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக இயற்கை விவசாயம் பேசியவர். 2003இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை காவிரிப் படுகையில் அவர் நடைபயணம் போனார். உடன் போனவர்களில் ஒருவர் கட்டிமேடு ஜெயராமன். வழியில் சில விவசாயிகளிடம் மிஞ்சியிருந்த பழைய நெல் ரகங்கள் இவர்களுடைய கைக்கு வந்தன. அதிலிருந்து ஜெயராமனுக்கு வேலை பிடித்துக்கொண்டது. எங்கே ஒரு பழைய நெல் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அங்கே போய் ஒரு கை விதை கேட்டு வாங்கினார். ஊரார் அவரை ‘நெல்’ ஜெயராமன் என்றே அழைத்தார்கள்.

2006இல் ஆதிரெங்கத்தில் முதல் நெல் திருவிழா நடந்தது. பிறகு ஆண்டுதோறும், கோடை முடியும் தறுவாயில், விதைப்புக்கு முன்னே இரண்டு நாள் அது கூடியது. விவசாயிகளும் தன்னார்வலர்களுமே அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ரகங்களைப் பெயரோடு காட்சிக்கு வைத்தார்கள். அனுபவப்பட்டவர்கள் பேசினார்கள். பழைய அரிசியில் சமைத்த சாப்பாடு வந்தவர்களுக்குக் கிடைத்தது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, குடவாழை, கவுனி, பிரியாணிக்குப் பேர்போன சீரகச் சம்பா என்று வரிசை நீண்டுகொண்டே போனது. ஜெயராமன் மீட்டெடுத்த ரகங்கள் 174 என்று சொல்லப்படுகிறது.

திருவிழாவின் உயிர் அதன் ஒரே ஒரு விதியில் இருந்தது. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த வருடம் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். இப்படி ஒரு வீட்டுக் களஞ்சியம் ஆயிரக்கணக்கான வயல்களுக்குப் பரவியது. ஒருவருடைய வயலில் வெள்ளம் அடித்தாலும் இன்னொருவரிடம் அந்த விதை இருக்கும்.

நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30ஆம் திகதியும், ஜெயராமன் 2018 டிசம்பர் 6ஆம் திகதியும் மரணித்தார்கள். திருவிழா நிற்கவில்லை. பிற்பாடு தமிழ்நாடு அரசே மரபு நெல் பாதுகாப்புக்கான திட்டத்துக்கு ஜெயராமனின் பெயரைச் சூட்டியது.

உப்பு மண்ணின் பாடம்

பழசு என்பதற்காக மட்டும் இந்த நெல்லை யாரும் தேடவில்லை. காட்டுயானம் ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்து, வெள்ளத்தில் நின்று பிடிக்கும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையோர வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தபோது, புதிய ரகங்கள் தடுமாறிய மண்ணில் குழிவெடிச்சான், களர்ப்பாலை போன்ற உப்பைத் தாங்கும் நெல்களை விவசாயிகள் தேடினார்கள். அவற்றை யாரோ சிலர் விடாமல் விதைத்து வந்ததால்தான் தேடியவர்களுக்குக் கிடைத்தது.

களப்பும் உப்பளமும் சூழ்ந்த புத்தளக் கரையில் வாழும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும் வளவில் எந்தக் கத்தரி தாக்குப்பிடிக்கும் என்பது பெக்கட்டில் எழுதப்பட்டிருக்காது. அந்த மண்ணிலேயே தலைமுறையாக எடுத்த வித்துக்குத்தான் அது தெரியும்.

இரண்டுக்கு நான்கு: வட்டியா?

இப்படி ஒன்றை நம்ம ஊரில் தொடங்கினால் முதல் கேள்வி பள்ளிவாசல் திண்ணையிலிருந்துதான் வரும்: “ரெண்டு கிலோ குடுத்து நாலு கிலோ கேக்குறது ரிபா இல்லையா?”

கேள்வி சரியானது. பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு ஆகிய ஆறையும் ஹதீஸ் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஷாபிஈ மத்ஹபில் மற்ற உணவுப் பொருள்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும். நெல்லும் அரிசியும் அதில் அடங்கும். கடனாகக் கொடுத்து, கூட்டித் தரவேண்டும் என்று நிபந்தனை போட்டால் அது தப்பாது. ஆதிரெங்கத்தில் கூடுதல் விதை கொடுத்தவருடைய பைக்குப் போகவில்லை, அடுத்த விவசாயிக்குத்தான் போனது. ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

வழியும் நம் மரபிலேயே இருக்கிறது. விதையை ஹதியாவாகக் கொடுக்கலாம். திருப்பித் தருவது அவரவர் விருப்பம். அல்லது அழகிய கடனாக இரண்டு கிலோ கொடுத்து இரண்டு கிலோ மட்டும் கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் கடனாக வாங்கிய இளம் ஒட்டகத்துக்குப் பதிலாக அதைவிடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்ததை நாம் அறிவோம். நிபந்தனையின்றி, மனம் விரும்பிக் கூட்டிக் கொடுப்பது நல்ல பண்பு. விளைந்த வளவுக்காரர் அப்படிக் கூட்டிக் கொடுத்தால் அது அடுத்தவருக்கு ஸதகாவாகப் போகும். ஏட்டில் எப்படி எழுதுவது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொண்டே தொடங்கலாம்.

வித்து இல்லாமல் வந்தவர்கள்

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அவர்களில் பெரும்பகுதியினருக்கு இந்தப் புத்தளம் மாவட்டமே இடம் கொடுத்தது. வீடு, காணி, கடை, நகை என்று இழப்புகளைப் பதிந்திருக்கிறோம். அவர்களுடைய வளவுகளில் தலைமுறையாக வந்த முருங்கை, மாதுளை, மிளகாய் ரகங்களை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. அந்த அவசரத்தில் யார் வித்துப் போத்தலைத் தேடியிருப்பார்கள்? வித்து ஒரே வீட்டில் இருந்தால் வீட்டோடு போய்விடும். பல ஊர்களில் இருந்தால் மட்டுமே கேட்டுத் திரும்ப எடுக்கலாம்.

2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்து, அந்த வருடம் முடிவதற்குள் அதைக் கைவிட்டது. 2022இல் உணவு நெருக்கடி வந்தபோது, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது. லீவு கிடைத்தது, வித்து எங்கே? ஒரு வர்த்தமானியால் மண்ணைத் திருத்த முடியாது, ஒரு சுற்றறிக்கையால் தோட்டம் முளைக்காது என்பதை அந்த இரண்டு வருடங்களில் நன்றாகவே படித்துக்கொண்டோம். ஆதிரெங்கம் வருடத்துக்கு இரண்டு நாளாக, ஆளுக்கு இரண்டு கிலோவாக, பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாகச் செய்த வேலை அது.

கனமூலையில் அப்படியொரு சந்தை கூட்ட அதிகம் தேவையில்லை. மாரி மழைக்கு முன்னே ஒரு நாள், பாடசாலை மைதானத்தில் ஒரு நிழல், சில மேசைகள், பெயர் எழுத ஒரு கொப்பி. முதல் அழைப்பு மட்டும் வயது போன பெண்களுக்குப் போகவேண்டும். சாம்பலில் பிசறிய வித்து இன்னும் யாரிடமாவது இருக்குமென்றால் அவர்களிடம்தான் இருக்கும். அடுத்த மாரி வரை அது முளைப்புத்திறனோடு இருக்குமா என்று சொல்ல முடியாது. இந்த மாரிக்கே கேட்டு வாங்குவோம்.