திவோலி மேட்டுப் பாட்டு வீடு

கியூபாவின் கிழக்குக் கோடியில் உள்ள சாந்தியாகோவுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் எரேதியா தெருவில் இருக்கும் ‘காசா தெ லா த்ரோவா’வில்தான் பாட்டுக் கேட்கிறார்கள். நானும் அங்கே கேட்டேன், நல்ல கச்சேரி. ஆனால் உள்ளூர் ஆட்கள் எங்கே போவார்கள் என்று விசாரித்தபோது, எல்லோரும் திவோலி மேட்டைக் கைகாட்டினார்கள். பாத்ரே பீக்கோ என்ற படிக்கட்டுத் தெருவில் மூச்சு வாங்க ஏறினால் ராபி தெரு வரும். அங்கே ‘காசா தெ லாஸ் த்ராதிசியோனெஸ்’ என்று ஒரு வீடு. மதுவும் பாட்டும் ஆட்டமும் ஒரே கூரையின் கீழ்.

புதிதாக ஒரு ரம் பாட்டிலைத் திறந்தவர் தன் தம்ளரில் ஊற்றும் முன் சில சொட்டுகளைத் தரையில் விட்டார். முதல் வாய் தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் என்பது இவர்கள் வழக்கம். கிளாவே வாசித்தவரின் கைகளைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையடக்கமான இரண்டு மரக்கட்டைகள், அவ்வளவே. இடது உள்ளங்கையைக் குழித்து அதன்மேல் ஒரு கட்டையைப் படுக்கவைத்து, மற்றதால் தட்டுகிறார். குழிந்த அந்தக் கைதான் ஒலிப்பெட்டி. திரும்பத் திரும்ப அதே ஐந்து தட்டு. அது பிசகினால் கிதார், த்ரெஸ் என்ற நரம்புக் கருவி, பாட்டு எல்லாமே தடுமாறும்.

திவோலி, அகதிகள் உருவாக்கிய பேட்டை. 1791-ல் பக்கத்துத் தீவிலுள்ள ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, பிரெஞ்சுப் பண்ணையார்கள் கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தார்கள். சுற்றியுள்ள மலைகளில் காப்பி பயிரிட்டார்கள். இந்த மேட்டில் அவர்கள் நடத்திய இசை அரங்கின் பெயர்தான் பேட்டைக்கும் நிலைத்தது. நெப்போலியன் ஸ்பெயின்மீது படையெடுத்ததால் 1809-ல் ஏராளமான பிரெஞ்சுக்காரர்களை, அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபா வெளியேற்றியது. அவர்களோடு வந்த கறுப்பின மக்களின் ‘தும்பா பிரான்செசா’ ஆட்டமும் முரசும் மட்டும் சாந்தியாகோவை விட்டுப் போகவில்லை. 2003-ல் யுனெஸ்கோ அதற்கு அங்கீகாரம் தந்தது.

இந்த ஊரின் பாட்டை வளர்த்தவர்கள் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெப்பே சாஞ்சேஸ் ஒரு தையற்காரர். 1856 மார்ச் 19-ல் பிறந்தவர். 1880-களில் அவர் கட்டிய ‘த்ரிஸ்தெசாஸ்’தான் பொலேரோ என்ற காதல் பாட்டு வகையின் முதல் பாட்டு என்று கொள்கிறார்கள். அவர் முறையாக இசை படித்தவர் அல்லர். ஸ்வரம் எழுதத் தெரியாது. அதனால் அவருடைய பாடல்களில் பல அழிந்தே போய்விட்டன. நண்பர்களும் சீடர்களும் மனப்பாடமாக வைத்திருந்தவை மட்டும் மிஞ்சின. கியூபாவில் இன்றும் அவர் பிறந்தநாள்தான், த்ரோவா என்ற இந்தக் கிதார்ப் பாட்டு மரபின் பாடகர்களுக்கான நாள்.

அவருக்குப் பின் வந்த ரொசெந்தோ ரூயிஸும் தையற்காரர். மனுவேல் கொரோனா சுருட்டுத் தொழிலாளி. 1950-ல், ஹவானாவை ஒட்டிய மரியனாவோவில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் வறுமையில் இறந்தார். சிந்தோ கராயின் கதை தனி. பள்ளிக்கூடம் கிடையாது, கடைப் பலகைகளில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத் தானே படிக்கக் கற்றவர். சர்க்கஸில் வித்தை காட்டினார். விடுதலைப் போராளி ஹோசே மார்த்தியின் கையையும் ஃபிடல் காஸ்ட்ரோவின் கையையும் குலுக்கியவன் நான் ஒருவனே என்று சொல்லிக்கொள்வாராம். 101 வயது வாழ்ந்து 1968-ல் மறைந்தார்.

அந்த 1968 கியூபாவின் பாட்டு வீடுகளுக்கு விசித்திரமான ஆண்டு. மார்ச்சில் அரசு தனியார் சிறுதொழில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. மதுக்கடை, சாப்பாட்டுக்கடை, பழுதுபார்க்கும் கடை என்று 50,000-க்கும் மேற்பட்டவை தனியார் கைவிட்டுப் போயின. எத்தனையோ மதுக்கடைகளோடு, அங்கே பாடிப் பிழைத்தவர்களின் இடமும் போயிற்று. அதே ஆண்டில்தான், விர்கிலியோ பலாயிஸ் என்பவரின் சிறிய கடை இருந்த எரேதியா தெரு இடத்தில் அரசே காசா தெ லா த்ரோவாவைத் திறந்தது. பாடகர்கள் வெகுகாலமாகக் கூடிப் பாடிய இடம் அது. பாடகருக்கு அரசுச் சம்பளம் கிடைத்தது நல்லதே. ஆனாலும் பேட்டைக்குப் பேட்டை இருந்த அந்தச் சின்னக் கடைகளின் இழப்பை எந்தச் சம்பளமும் ஈடுசெய்யவில்லை என்பதே என் கருத்து.

பிறகு 1996. ‘புவெனா விஸ்தா சோசியல் கிளப்’ இசைத்தட்டை ஹவானாவில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்து உலகமெங்கும் விற்றது. அதன் முதல் பாட்டான ‘சான் சான்’, கொம்பாய் செகுந்தோ கட்டியது. சாந்தியாகோ பக்கத்துச் சிபோனேயில் பிறந்து, ஹவானாவில் பல ஆண்டுகள் சுருட்டு சுற்றியவர் அவர். பதிவின்போது வயது 88. மறைந்துபோன இசையை மீட்டுவிட்டார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். சாந்தியாகோவில் எதுவும் மறைந்திருக்கவில்லை. திவோலி போன்ற பேட்டைகளில் ஆட்கள் வேலை முடித்து வந்து பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். சுற்றுலாப் பணம் வந்தபின் எரேதியா தெருவின் இரவுகள் வெளிநாட்டார் பக்கம் சாய்ந்தன. சோவியத் வீழ்ச்சிக்குப் பிறகு சோற்றுக்கே தவித்த நாடு அது. வெளிநாட்டார் பக்கம் சாய்ந்ததற்காகப் பாடகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பொலேரோவுக்கு 2023-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. சாந்தியாகோ போகிறவர்கள் எரேதியா தெருவோடு திரும்பிவிடாதீர்கள். திவோலிக்கும் ஏறுங்கள். ஒரு பாட்டு பிடித்திருந்தால், அதைக் கட்டியவர் யார், என்ன தொழில் பார்த்தார் என்று பாடகரிடமே கேளுங்கள். எழும்போது அவருக்குத் தாராளமாகப் பணம் கொடுத்துவிட்டு வாருங்கள்.